அம்மாவின் இலையில் என்ன வைப்பது?

கேள்வி சுருக்கமாக இது: "அம்மா இறந்து பத்து மாதம் ஆகிறது. ஊர் குடியாத்தம் பக்கம். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். எரித்துச் சாம்பலையும் கரைத்துவிட்டதால் போய் நிற்க ஓர் இடம்கூட இல்லை. முதலாண்டு நினைவு நாளை எப்படி நடத்துவது? எனக்குச் சடங்குகளில் நம்பிக்கை குறைவு. அண்ணன் பெரிய ஃபிளெக்ஸ் வைத்து ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடலாம் என்கிறார். பெரியம்மா பூவாடை கும்பிட வேண்டும் என்கிறார். அப்பா எதற்கும் வாய் திறப்பதில்லை."

உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று வழி பேசுகிறீர்கள், பேச வேண்டியவர் பேசவில்லை. அவரிடம் கடைசியில் வருகிறேன். முதலில் பெரியம்மாவுக்கு என் ஓட்டைப் போட்டுவிடுகிறேன்.

வட ஆர்க்காட்டில் கணவன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தவள் அந்த வீட்டுக்குத் தெய்வம். பூவாடைக்காரி என்பார்கள். கன்னியாக இறந்த பெண்ணையும் இப்படிக் கும்பிடும் வீடுகள் உண்டு. கோயில் கிடையாது, சிலை கிடையாது. நடுவீட்டுச் சுவரில் மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைத்தால் அதுதான் அவள். அதன் அடியில் புதுப் புடவை, ரவிக்கைத் துணி, வளையல், மஞ்சள் கிழங்கு, கதம்பப் பூ. எங்கள் வீட்டில் புடவையை ஓலைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, அடுத்த வருடம் புதியது வைக்கும்போது பழையதை வீட்டு மருமகள் உடுத்திக்கொள்வாள். இறந்தவளின் புடவையைக் கட்டுவதற்கு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவளிடமிருந்து வாங்கிக் கட்டுவதாகத்தான் நினைப்பு.

வீட்டில் கல்யாணம் வந்தால் முதல் அழைப்பு அவளுக்கு. பம்பைக்காரர்களை வரவழைப்பார்கள். பம்பை, உடுக்கை, சிலம்பு என்று இரவில் கிணற்றடிக்கோ ஏரிக்கரைக்கோ போய், கரகம் ஜோடித்து, அவள் பேரைச் சொல்லிப் பாடிப் பாடிக் கூப்பிடுவார்கள். வீட்டார் யார் மேலாவது இறங்குவாள். இறங்கி முதலில் சண்டை போடுவாள், அதுதான் வழக்கம்.

என் அத்தை மகள் கல்யாணத்துக்கு முன்னால் இப்படி அழைத்தபோது, பதினொரு வருடத்துக்கு முன் இறந்த என் சித்தி, அவளுடைய ஓரகத்தி மேல் வந்தாள். பம்பைக்காரர் "என்னம்மா குறை?" என்று கேட்டார். "என் கம்மல் எங்கே?" என்றாள். கூட்டம் அடங்கிப்போயிற்று. அந்தக் கம்மலைச் சித்தப்பா அடகு வைத்து மூழ்கவிட்டது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதுவரை பேசியதில்லை. சித்தி செத்தபோது கண்கலங்காமல் விறகுக்கும் பாடைக்கும் ஆள் ஏவிக்கொண்டிருந்த மனிதர், அந்த ஏரிக்கரையில் ஈரத்தில் உட்கார்ந்து, "வாங்கித் தந்துவிடுகிறேன், வாங்கித் தந்துவிடுகிறேன்" என்று அழுதார். வாங்கியும் தந்தார். கல்யாணப் பெண்ணின் காதில் அது ஏறியது.

ஆவி இறங்குகிறதா என்று கேட்டால், நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் பதினொரு வருடமாக ஒரு வீட்டின் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது அன்று இரவு வெளியே வந்தது. உங்களுக்கு நம்பிக்கை குறைவு என்கிறீர்கள், சரி. பெரியம்மாவுக்கு அது தன் தங்கையோடு பேச இருக்கும் ஒரே வழி. நீங்கள் நம்ப வேண்டியதில்லை, புடவை வாங்கிக் கொடுங்கள். என்ன நிறம் என்று மட்டும் பெரியம்மாவைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சடங்கு என்றதும் இன்னொன்று. திதி கொடுக்கப் போனால் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார்கள். என் அப்பா இறந்த மறு வருடம் ஆடி அமாவாசைக்குப் பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றில் உட்கார்ந்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. முழங்கால் ஆழம் மணலைத் தோண்டி, ஊறிய நீரைச் சொம்பில் மொண்டு வைத்திருந்தார்கள். (2021 நவம்பரில் கரைகொள்ளாமல் வெள்ளம் போனது இதே ஆற்றில்தான் என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்.) ஐயர் அப்பா பெயர் கேட்டார், சொன்னேன். தாத்தா, சொன்னேன். கொள்ளுத்தாத்தா, கொஞ்சம் தடுமாறிச் சொன்னேன். பாட்டி சரி. கொள்ளுப்பாட்டி பெயர்? நாங்கள் மூன்று சகோதரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐயருக்கு இது புதிதில்லை. "தெரியாவிட்டால் கங்கை என்று சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த எள்ளை உள்ளங்கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து பழைய கிரயப் பத்திரங்களைக் கிளறினேன். நிலத்தின் நான்கு எல்லையும் இருக்கிறது, புளியமரம் இருக்கிறது, கிணற்றில் எத்தனை பங்கு என்பது இருக்கிறது. அவள் பெயர் இல்லை. தொண்ணூறு வயதுத் தூரத்து அத்தை ஒருவர் மட்டும், "அவளை எல்லாரும் மேட்டு வீட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்" என்றார். எட்டுப் பிள்ளை பெற்று, ஒரு குடும்பத்தையே நிமிர்த்தியவளைப் பற்றி எங்களிடம் மிஞ்சியது ஒரு மேடு.

இதே பழைய வட ஆர்க்காட்டு மண்ணில், செங்கம் வட்டாரத்தில், காடு கழனி எங்கும் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்தவர்களுக்கு ஊரார் நட்டவை. 'பட்டான் கல்' என்று முடியும். பட்டான் என்றால் இறந்தான். எடுத்தனூரில் ஒரு கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏறக்குறைய 1,400 வருடம். கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான் என்கிறது. வில்லும் கையுமாக அவன் நிற்க, பக்கத்தில் அவனுடைய நாய். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியாக வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் இருக்கிறது, என் கொள்ளுப்பாட்டிக்கு இல்லை. முதல்முறை அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை.

அந்தக் கல்லை வெட்டியவன் 'மாவீரன்', 'மறக்க முடியாத மாமனிதன்' என்றெல்லாம் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த அரசன் காலம், யாருடைய ஆள், என்ன பெயர், எந்த மாட்டுக்காகப் போனான், கூட எது நின்றது. அவ்வளவுதான். எழுத்தைப் படிக்கத் தெரியாமல் போன பிறகும் சனம் அந்தக் கற்களை விடவில்லை. வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கலிட்டுக் கும்பிடுகிறது.

இப்போது அண்ணனின் ஃபிளெக்ஸுக்கு வருவோம். நம் ஊர்த் தெருமுனைகளில் இருக்கும் கண்ணீர் அஞ்சலிப் பலகைகளில் பெயரை மட்டும் மறைத்துவிட்டால் எவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே மெழுகுவத்தி, அதே மேகம், அதே "எங்கள் குலவிளக்கே". கீழே வருந்துவோர் படங்கள், இறந்தவரைவிடப் பெரியதாக. அண்ணனைப் பழிக்கவில்லை, அம்மா பெயர் நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. வைத்தே தீருவேன் என்றால் உள்ளாட்சியில் அனுமதி வாங்கிவிட்டுச் சிறியதாக வைக்கட்டும், வாசகத்தை மட்டும் நீங்கள் எழுதுங்கள். அம்மா பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், என்ன வேலை செய்தார், எதற்குப் பேர் போனவர். 'பீடி சுற்றி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்' என்று ஒரு வரி இருந்தால் பஸ்ஸுக்கு நிற்பவன் படிப்பான். (உங்கள் அம்மா என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. குடியாத்தம் பக்கம் என்பதால் ஊகித்தேன், தவறானால் மன்னிக்கவும்.)

அண்ணனுக்குச் செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் கூத்துக்குச் செய்யட்டும். நம் பக்கத்தில் கருமாதி இரவில், கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் பழக்கம் இன்னும் முழுக்க அற்றுப்போகவில்லை. என் தாத்தாவின் பதினாறாம் நாள் இரவு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பத்து மணிக்கு மேல் திரை பிடித்தார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் எங்கள் தாத்தாவின் கஞ்சத்தனத்தைக் கிண்டல் செய்தான், சாவு வீடே சிரித்தது. விடியும் நேரம் கர்ணன் சாய்ந்தபோது, கதையைப் பின்தொடராமல் தூங்கி வழிந்துகொண்டிருந்த பெண்கள்கூட எழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கர்ணனுக்காகவா? பக்கத்து வீட்டு அக்கா போன வருடம் இறந்த தன் பிள்ளை பெயரைச் சொல்லி அழுதது என் காதில் விழுந்தது. முதலாண்டுக்குக் கூத்து வைப்பது அவ்வளவு வழக்கமில்லை என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும்.

"போய் நிற்க இடமில்லை" என்ற உங்கள் குறைக்கு வருகிறேன். வேலூரில் இதைப் பற்றி யோசிக்க வாய்ப்பு அதிகம்; இந்த ஊரே பிறர் கல்லறைகளால் ஆனது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் பல வருடம் சிறையிருந்து, 1832 ஜனவரி 30 அன்று இறந்தான். பாலாற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தில் முத்து மண்டபம் எழுந்தது 1990இல். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அங்கே நின்று பார்க்க யாருக்கும் பெரிதாக எதுவும் இருந்ததில்லை, இன்று இலங்கையிலிருந்து ஆட்கள் தேடி வருகிறார்கள். கோட்டைக்கு எதிரே பழைய கல்லறைத் தோட்டத்தில், 1806 ஜூலை 10 அன்று வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியில் இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதே நாள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்ட நம் சிப்பாய்களுக்குக் கல்லறை கிடையாது. மக்கான் அருகே ஒரு தூண் நட்டார்கள்; ஜூலை 10 வந்தால் அதற்கு மாலை விழுகிறது. எலும்பு அடியில் இல்லை என்பதால் யாரும் மாலையைத் திருப்பிக்கொண்டு போவதில்லை.

உங்கள் அம்மாவுக்கும் ஓர் இடம் இருக்கிறது, நாள்கூடக் குறித்துவைத்திருக்கிறார்கள். மாசி அமாவாசை, சிவராத்திரிக்கு மறுநாள், மயானக் கொள்ளை. பெங்களூரிலிருந்து ஒருமுறை அன்றைக்கு வாருங்கள். வேலூரிலும் சுற்றுப்புறங்களிலும் தெருவுக்குத் தெரு அங்காளம்மன் தேர் கிளம்பிப் பாலாற்றங்கரை மயானத்துக்கு வந்து சேரும். காளி வேடம், பேச்சி வேடம், வாயில் எலுமிச்சம்பழம், எங்கும் பம்பைச் சத்தம். வேகவைத்த மொச்சை, கொழுக்கட்டை, காய்கறி, சில்லறை என்று சூறையிடுவார்கள். அதில் ஒரு பிடி கிடைத்தால் விதையோடு கலந்து நிலத்தில் போடுகிறவர்கள் உண்டு.

எனக்கு அந்த ஆரவாரத்தைவிட ஓரங்களில் நடப்பது முக்கியம். காலையிலேயே குடும்பம் குடும்பமாக வந்து, தங்கள் ஆட்கள் புதைந்த இடத்தை மண்வெட்டியால் செதுக்கி, தண்ணீர் தெளித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பூ போட்டு, இலை விரிப்பார்கள். இட்லி, வடை, கறிக்குழம்பு, கருவாடு. ஒரு மேட்டில் குவார்ட்டர் புட்டியைத் திறந்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து மேட்டில் சின்னக் குழந்தைக்குரிய பிஸ்கட்டும் ஒரு பொம்மைக் காரும். வருகிறவர்கள் புதைத்தவர்கள் மட்டும் இல்லை. எரித்தவர்களும் வருகிறார்கள், எரிந்த மேடைப் பக்கத்தில் ஒரு செங்கல்லை நிறுத்தி மஞ்சள் பூசிவிட்டால் போதும். ஊர்ச் சுடுகாட்டில் அம்மா எரிந்த இடம் உங்களுக்குத் தெரியும். வேறென்ன வேண்டும்?

இது ஒரு மதத்தார் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பராத் இரவில் மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கபர்ஸ்தான் வாசல்களைப் பாருங்கள். நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடித்த கல்லறைகளின் மேல் சாமந்தியையும் மெழுகுவத்தியையும் பாருங்கள். மண்வெட்டியோடு வருகிறவன் எல்லா இடத்திலும் ஒரே ஆள்தான்.

நாள் கணக்கு: திதி பார்ப்பதானால் அம்மா இறந்த தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று பழைய நாள்காட்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேதியோடு அது ஒத்துவராது. திதி தவறிப்போகும் வருடத்துக்குப் புரட்டாசியில் மகாளய அமாவாசை இருக்கிறது. இதற்கு மேல் குழம்ப வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அம்மாவின் செல்போன் எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா? ப்ரீபெய்டு எண் 90 நாள் பயன்படுத்தாமல், காசும் போடாமல் கிடந்தால் நிறுவனம் முடக்கிவிடலாம். பிறகு அதே எண்ணில் முன்பின் தெரியாதவர் பேசுவார். என் நண்பருக்கு அது நடந்தது, ஒரு வாரம் சாப்பிடவில்லை. அம்மா அனுப்பிய குரல் பதிவுகளை, "சாப்பிட்டாயா" என்று மூன்று நொடி இருப்பதைக்கூட, தனியே இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பழைய புகைப்படங்களின் பின்பக்கம் பென்சிலால் யார், எந்த ஊர், யார் கல்யாணம் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பெரியம்மாவை உட்காரவைத்து எழுதுங்கள். அவருக்குப் பிறகு அந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் இருக்காது. என் நோட்டில் கொள்ளுப்பாட்டிக்கு நேரே 'மேட்டு வீட்டுக்காரி' என்றுதான் எழுதியிருக்கிறேன். அமாவாசைக்கு வாய் கங்கை என்று சொல்கிறது, மனம் மேட்டுக்குப் போகிறது.

இனி, படையல். இதைத்தான் நீங்கள் எப்படியும் செய்யப்போகிறீர்கள், நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும். நடுவீட்டைக் கழுவி, விளக்கேற்றி, தலைவாழை இலை போட்டு, இறந்தவருக்குப் பிடித்ததை வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் சற்று நேரம் வெளியே நிற்பார்கள். உள்ளே அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். என் தாத்தாவின் இலையில் ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் இருக்கும். தீப்பெட்டி மறந்த வருடம் பாட்டி எங்களைத் திரும்ப உள்ளே அனுப்பினாள், "எதில் பற்றவைப்பார்?" என்று. அப்பாவுக்கு இலவம்பாடி முள் கத்தரிக்காய்க் குழம்பு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பு முள் கையில் ஏறினால் இரண்டு நாள் வலிக்கும் என்பது குறியீட்டுக்கு முன்பே எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

ஆண்களுக்கு எது பிடிக்கும் என்று வீடே அறியும். என் அம்மா அப்பாவுக்கு நான்கு வருடம் முன்னால் போய்விட்டாள். அவளுடைய முதல் படையலுக்கு உட்கார்ந்து யோசித்தபோதுதான், அவளுக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைகள் நால்வருக்கும் தெரியவில்லை என்பது தெரிந்தது. தம்பி பணியாரம் என்றான். அது அவனுக்குப் பிடித்தது. தங்கை கீரைக் கடைசல் என்றாள், அது அவளுக்கு. அம்மா எங்களுக்குச் செய்து போட்டதையெல்லாம் அம்மாவுக்குப் பிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பா அந்த ஒரு வருடமும் உங்கள் அப்பாவைப் போலவே இருந்தார். திண்ணை, செய்தித்தாள், திண்ணை. நான் போய், "திவசத்தை எப்படிச் செய்யலாம்?" என்று எத்தனையோ முறை கேட்டும், "உங்கள் இஷ்டம்" என்பதற்கு மேல் வந்ததில்லை. அன்று, "அம்மா எதை விரும்பிச் சாப்பிடுவாள் அப்பா?" என்று கேட்டேன்.

செய்தித்தாளை மடித்தார். "நேற்றைய குழம்பு சுண்டி, சட்டியடியில் நிற்குமே, அதில் பழைய சோற்றைப் போட்டுப் பிசைந்து. நீங்கள் எல்லாரும் பள்ளிக்கூடம் போன பிறகு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆற்காட்டு மக்கன் பேடா" என்றார். எங்களுக்கு ஆச்சரியம், அம்மா இனிப்பைத் தொட்டுப் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தோம். கல்யாணமான புதிதில் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டு வரும்போது வாங்கினாராம். வீட்டில் பெரியவர்கள் இருந்ததால் வழியில் ஒரு மரத்தடியிலேயே நின்று தின்றார்களாம். எந்த மரம், எந்த வளைவு, அம்மாவின் விரலில் பாகு ஒட்டியதை எதில் துடைத்தாள் என்பதுவரை சொல்லிக்கொண்டே போனார். ஒரு வருடம் பேசாத மனிதர்.

சுண்டக் குழம்புக்கு முந்தின நாளே குழம்பு வைத்தோம். தம்பி ஆற்காட்டுக்கு வண்டியில் போய் அரைக் கிலோ வாங்கிவந்தான். இலையில் வைக்கும்போது அப்பா, "இரண்டு போதும்" என்றார். அன்றைக்கும் இரண்டுதான் வாங்கினாராம். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். அவர் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார், நாங்களும் எழுப்பவில்லை.

உங்கள் அப்பாவிடமும் நினைவு நாளை எப்படி நடத்துவது என்று இனிமேல் கேட்காதீர்கள், தம்பி. அம்மாவின் இலையில் என்ன வைப்பது என்று கேளுங்கள்.